கட்டுரை அரங்கேறும் கதை

மதுரையிலே சங்கப் பலகை ஒன்று இருந்ததென்றும், தகுதியுடைய நூலுக்கே அது இடங்கொடுத்ததென்றும் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட்டை இயற்றியவர் இறைவனே என்றறிந்த பின்னும் பிழையைப் பிழையென்றே சொன்ன நக்கீரரின் கதையும் நமக்குப் புதிதன்று. இந்நாளிலே கணனித் துறையினருக்கும் அத்தகைய பலகைகள் சில உள. அவற்றுள் பழையதும், ஏறுவதற்கு அரியதும் ஆகிய ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

எழுதத் தூண்டியவர் அயல்வீட்டு அம்மையார் ஒருவர். அவருடைய மகள் சர்வகலாசாலையிலே கணனித் துறையில் ஆராய்ச்சி செய்பவள். மூன்று வருடம் பாடுபட்டு எழுதிய கட்டுரையொன்றை வெளிநாட்டு மகாநாடொன்றுக்கு அனுப்பியிருந்தாள். அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று கடிதம் வந்தது. பிள்ளை இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. "அண்ணை, பிள்ளை சோதினையிலே பெயிலோ?" என்று தாயார் என்னிடம் மெல்லக் கேட்டார். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் அது என்னவென்று விளக்க முற்பட்டபோது தேநீர் ஆறிப் போயிற்று, விளக்கம் முடிந்தபாடில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்லுகின்றேன்.

முதலில், அப்பிள்ளை ஆராயும் பொருள் யாது? கலியாண வீட்டுச் சமையற் பந்தலை நினைத்துப் பாருங்கள். அடுப்புகள் சில, அண்டாக்கள் சில, சமைப்பவர் பலர். எவருக்கு எந்த அடுப்பு, எவ்வளவு நேரம், யார் காத்திருப்பது என்பவற்றையெல்லாம் வகுத்து, ஒருவருடைய கறியிலே மற்றவர் உப்புப் போடாமற் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் அங்கே இருப்பார். அவர் கரண்டி பிடிப்பதில்லை. ஆனால் அவர் இல்லையேல் பந்தி நடவாது. கணனிக்குள் அப்பெரியவருடைய வேலையைச் செய்வதே இயக்க முறைமை. பல செய்நிரல்கள் ஒரே யந்திரத்திலே ஒன்றையொன்று கெடுக்காமல் ஓடுவதற்கு வழி வகுப்பது அது.

இத்துறைக்கென அமைந்த முதல் மகாநாடு 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் ரெனெசி மாநிலத்து மலையூராகிய கற்லின்பேர்க்கில் நடைபெற்றது. அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று ஒல்லாந்து தேசத்தவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பவருடையது. ஐந்தோவன் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையிலே தாமும் தம் குழுவினரும் அமைத்துவந்த இயக்க முறைமையைப் பற்றி அவர் எழுதினார். குழுவிலே ஆறு பேர். அவர்களும் சராசரியாக அரை நேரமே இவ்வேலைக்குக் கிடைத்தவர்கள். யந்திரமோ சுமார் 32 ஆயிரம் 'சொற்கள்' கொள்ளும் நினைவகமுடையது. இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால் அது கடலுக்கு முன் ஒரு சிரட்டை நீர். இத்தனை எளிய வசதியோடு செய்ததை ஒளிக்காமல், கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்.

அது மட்டுமன்று. தாம் செய்த இரண்டு தவறுகளையும் அவர் எடுத்துரைத்தார். ஒன்று, எல்லாக் கருவிகளும் பழுதின்றி இயங்கும் யந்திரத்தையே நெடுங்காலம் மனத்திற்கொண்டு திட்டமிட்டது. ஏதேனும் ஒரு கருவி பழுதானால் என்ன செய்வது என்று பின்னரே யோசிக்க நேர்ந்தது. மற்றது, பெரும்பகுதியை எழுதி முடிக்கும் வரையில், அதிலுள்ள பிழைகளை எவ்வாறு தேடிக் களைவது என்று போதிய அளவு சிந்தியாதது. பரிசு பெற வந்தவன் தன் குற்றத்தைத் தானே பறைசாற்றுவானா என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்தக் கட்டுரையின் பெருமையே அதுதான். முறைமையைப் படிப்படியாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளாய் அமைத்தமையால், சோதனையின்போது அற்பப் பிழைகளே அகப்பட்டன என்றும், 500 கட்டளைகளுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த அவை ஒவ்வொன்றும் 10 நிமிடத்துள் கண்டுபிடிக்கப்பட்டன என்றும் அவர் எழுதியபோது, தவறுகளை மறைக்காதவருடைய சொல்லாகையால் அது நம்பிக்கையோடு படிக்கப்பட்டது. அடுக்குகளை வரிசையாக விவரித்துவந்தவர், எல்லாவற்றுக்கும் மேலான ஐந்தாம் அடுக்கிலே யந்திரத்தை இயக்கும் மனிதரை வைத்து, இவரை நாங்கள் செய்யவில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். கணிதப் பேராசிரியர்களுக்கும் நகைச்சுவை உண்டு.

அதே மகாநாட்டிலே பீற்றர் டெனிங் என்ற இளைஞரும் கட்டுரை வாசித்தார். அப்பொழுது அவர் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆராய்ச்சி மாணவர். அவருடைய கருத்தை நம் வீட்டு மாணவன் ஒருவனைக் கொண்டே விளக்கலாம். அலுமாரியிலே நூறு புத்தகங்கள் இருந்தாலும், கணக்குச் செய்கையில் அவன் மேசையிலே வைத்து மாறி மாறிப் புரட்டுவது நாலைந்து புத்தகங்களையே. அந்த நாலைந்தும் மேசையில் இருந்தால் வேலை ஓடும். மேசை சிறிதாகி, ஒன்றை வைக்க மற்றொன்றை எடுக்க வேண்டிவந்தால், பையன் நாள் முழுவதும் அலுமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருப்பானேயன்றிக் கணக்குச் செய்யான். கணனியிலும் அவ்வாறே. ஒரு செய்நிரல் அண்மையிலே தொட்ட நினைவகப் பக்கங்களின் தொகுதிக்கு முழுமையாக இடமிருந்தாலன்றி அதனை ஓடவிடலாகாது என்பதே டெனிங் சொன்னது. இடம் போதாதபோது பல செய்நிரல்களையும் ஒருங்கே ஓடவிட்டால் எதுவும் முன்னேறாது. அதுவரை பல யந்திரங்கள் காரணம் தெரியாமலே பட்ட துன்பத்துக்கு அவர் காரணம் காட்டினார். மாணவருடைய கட்டுரைதானே என்று எவரும் அதனை ஒதுக்கவில்லை. 1968ஆம் ஆண்டு மே மாதத்திலே, டைக்ஸ்ட்ராவின் கட்டுரையும் அவருடையதும் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் அச்சேறின.

கட்டுரை ஏறினால் போதாதா, கடல் கடந்து ஆளும் போகவேண்டுமா என்று அயல்வீட்டு அம்மையார் கேட்டது நினைவுக்கு வருகிறது. அதற்கும் கற்லின்பேர்க்கே விடை தரும். அங்கே லாரி றொபேட்ஸ் என்பவர், தொலைவிலுள்ள கணனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் அமெரிக்கத் திட்டம் ஒன்றை விளக்கினார். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திலிருந்து வந்த றொஜர் ஸ்கான்ரில்பரி என்பவர், தம் தலைவர் டொனால்ட் டேவிஸ் வகுத்த முறையை விளக்கினார். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பி, போய்ச் சேருமிடத்திலே மீண்டும் ஒன்றாக்கும் முறை அது. ஒருவருக்கு இணைக்கவேண்டிய கணனிகள் இருந்தன. மற்றவரிடம் இணைக்கும் வழி இருந்தது. மேடையிலே தொடங்கிய பேச்சு மேடைக்குப் புறத்தே நீண்டது. அமெரிக்கத் திட்டம் பொதி முறையைத் தழுவிக்கொண்டது. 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் அவ்வலையின் முதற் செய்தி சென்றது. இன்று நாம் இணையம் என்பது அந்த வலையின் வழிவந்ததே. இருவரும் கட்டுரையைத் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டிலே இருந்திருந்தால் அந்தச் சந்திப்பு நிகழ்ந்திராது.

அம்மகாநாடு பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடிவந்தது. 2024 முதல் வருடந்தோறும் கூடுகிறது. 1994இலே தொடங்கிய வேறொரு மகாநாடும் இத்துறையில் அதற்கு இணையாக மதிக்கப்படுகிறது. 1973இலே நியூயோர்க் மாநிலத்து யோர்க்ரவுன் ஹைற்சில் கூடிய நான்காம் மகாநாட்டிலேதான் பெல் ஆய்வுகூடத்து கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தங்கள் யுனிக்ஸ் முறைமையை உலகுக்கு எடுத்துரைத்தனர்.

பலகை ஏற விரும்புவோர் பெருகப் பெருக, தேர்வு கடினமாயிற்று. 1983ஆம் ஆண்டின் ஒன்பதாம் மகாநாட்டுக்கு வந்த கட்டுரைகள் 83, தேர்ந்தெடுக்கப்பட்டவை 16. அவ்வாண்டுத் தேர்வுக்குழுவின் தலைவர்களாகிய றோய் லெவினும் டேவிட் றெடெலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வந்தவற்றுள் மிகப்பல ஏன் தள்ளப்பட்டன என்று சிந்தித்து, எழுத விரும்புவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். நாற்பது வருடங் கடந்தும் ஆசிரியர்கள் தம் மாணவருக்கு அதனைக் கையிலே கொடுக்கிறார்கள்.

அவர்கள் கேட்பவை எளியனபோலத் தோன்றும். உன் கருத்துப் புதியதா? புதியதென்று உனக்கு எவ்வாறு தெரியும்? அதனைத் துறையறிந்த ஒருவருக்கு ஒரு பந்தியிலே விளங்க எழுத இயலுமா? இயலாதெனில், உனக்கே அது விளங்கவில்லையோ என்று ஐயுற வேண்டும் என்கிறார்கள். டெனிங்கின் மேசைக் கருத்தை இச்சோதனையில் இட்டுப் பாருங்கள், தேறிவிடும். அடுத்து, நீ சொல்லும் முறைமையை உண்மையில் செய்து பார்த்தாயா? பார்த்தாயெனில், அதனாற் கற்றது யாது? வேறு வழிகள் இருக்க இந்த வழியை ஏன் தெரிந்தாய்? அது சரியாக அமைந்ததெனில், நீ எதிர்பார்த்த காரணத்தாலேதான் அமைந்ததா, வேறு காரணத்தாலா? இந்தக் கடைசிக் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. கறி ருசியாக வந்துவிட்டால், அது தன் கைப்பக்குவமா தேங்காயின் குணமா என்று எத்தனை பேர் ஆராய்கிறோம்?

இங்கேதான் நம் மாணவர் பலர் தடுமாறுகின்றனர் என்பது என் எண்ணம். சோதினைத் தாளிலே தவறைக் காட்டினால் புள்ளி குறையும் என்று பழகியவர்கள், ஆராய்ச்சிக் கட்டுரையிலும் வென்றதை மட்டுமே எழுதுகின்றனர். தேர்வாளருக்கோ தோற்ற இடமும் வேண்டியிருக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு வந்த கடிதத்தோடு தேர்வாளர் மூவருடைய குறிப்புகளும் இருந்தன. அவற்றைப் படித்துப் பார்த்தேன். முறைமை வேகமாக ஓடுகிறது என்று பத்து வரைபடங்கள் காட்டியிருக்கிறாய், எப்பொழுது மெதுவாக ஓடும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லையே என்பதே மூவருடைய குறையும்.

தேர்வு நடைபெறும் விதத்தையும் அறிதல் நன்று. கட்டுரை வழக்கமாகப் பன்னிரண்டு பக்கத்துள் அடங்க வேண்டும். மேற்கோள் நூற்பட்டியல் மட்டும் அதற்குப் புறம்பு. எழுத்தைச் சிறிதாக்கி ஏமாற்ற முயன்றால் படியாமலே தள்ளிவிடும் உரிமை குழுவுக்கு உண்டு. ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் இரண்டு மகாநாடுகளுக்கு அனுப்புதல் ஆகாது. எழுதியவர் பெயரும் ஊரும் நிறுவனமும் கட்டுரையிலே தோன்றலாகாது. தாம் முன்பு எழுதியதைக் குறிப்பிடும்போதுகூட, யாரோ ஒருவர் எழுதியதுபோலக் குறிப்பிட வேண்டும். கலிபோர்ணியாவிலே பெரும் ஆய்வுகூடத்தில் இருந்து வந்ததா, பேராதனையிலே ஒரு சிற்றறையில் இருந்து வந்ததா என்பது தேர்வாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. குழுவினருள் எவருக்கேனும் எழுதியவர் மாணவராகவோ சகபாடியாகவோ இருந்தால், அக்கட்டுரை பேசப்படும்போது அவர் விலகி நிற்க வேண்டும். நக்கீரருக்கு முன்னால் இறைவனே நின்றார்; இவர்களுக்கு முன்னால் தாள் மட்டுமே நிற்கிறது.

தேர்வாளரின் குறிப்புகளுக்குச் சுருக்கமாக மறுமொழி எழுதவும் பல மகாநாடுகளிலே இடம் தருகிறார்கள். ஏற்கப்பட்ட கட்டுரைக்கும் உடனே விடுதலை இல்லை. குழுவினர் ஒருவர் அதற்கு மேய்ப்பராக நியமிக்கப்படுகிறார். அவர்கள் வழங்கும் பெயரே அதுதான். சொன்ன திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று அவர் பார்த்து ஒப்புதல் அளித்த பின்னரே கட்டுரை அச்சுக்குப் போகும். 2019 முதல், விரும்பினால் மென்பொருளையும் சோதனைக்கு ஒப்படைக்கலாம். சொன்னபடி ஓடுகிறதா என்று வேறொரு குழு ஓட்டிப் பார்க்கும்.

நக்கீரர்களும் தவறுவதுண்டு. லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க அறிஞர், சில கணனிகள் இடையிலே நின்றுபோனாலும் எஞ்சியவை ஒரு முடிவிலே உடன்படும் முறையொன்றைக் கண்டு, 1990இலே ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார். கிரேக்க நாட்டுப் பக்சோஸ் தீவிலே பண்டைக்காலத்தில் இருந்த ஒரு பாராளுமன்றத்தின் கற்பனைக் கதையாக அதனை எழுதியிருந்தார். கட்டுரை ஓரளவு சுவையானது, ஆயினும் முக்கியமானதன்று, கதையை நீக்குக என்றார்கள் தேர்வாளர்கள். நகைச்சுவை அறியாதவர்கள் என்று சலித்து, அவர் அதனை ஒரு பக்கம் வைத்துவிட்டார். 1998இலேதான் அது வெளிவந்தது. இன்று அந்தத் தீவின் பெயரே அம்முறையின் பெயராய், பெரும் நிறுவனங்களின் கணனித் தொகுதிகளிலே அது பயன்படுகிறது. பிழை தேர்வாளருடையது மட்டுமா? கதையைச் சற்றுச் சுருக்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கதையிலே ஆசை வைத்தவனுக்கு அந்த அறிவுரை இலகுவில் ஏறாது என்பதையும் அறிவேன்.

அயல்வீட்டுப் பிள்ளை மூன்றாம் நாள் அறையை விட்டு வெளியே வந்தாள். வரைபடங்களில் நான்கை நீக்கிவிட்டாள். எப்பொழுது மெதுவாக ஓடும் என்று பார்ப்பதற்காக மேலும் ஒரு மாதம் சோதனை செய்தாள். நினைவகம் நிரம்பியபோது அவளுடைய முறைமை பழைய முறையிலும் பின்தங்கியதாம். அந்தப் பகுதியே இப்பொழுது ஒன்றரைப் பக்கத்துக்கு நீண்டிருக்கிறது. வேறொரு மகாநாட்டுக்கு அனுப்ப இருக்கிறாள். பூமியிலே எவ்விடத்திலேனும் அந்த நாள் முடியாமல் இருக்கும்வரை அனுப்பலாம் என்பது அம்மகாநாட்டின் விதி. நாள் கடைசியாக முடிவது பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலே. அங்கே நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் நமக்கு மறுநாட் பிற்பகல் 5 மணி 29 நிமிடம். அன்று அந்த நேரம் கழியும்வரை தேநீருக்கு அழைக்க வேண்டாம் என்று தாயாரிடம் இப்பொழுதே சொல்லி வைத்திருக்கிறாள்.