வற்றல்

வற்றல் என்பது காய்களை உப்பிட்டு, வெயிலில் நீர் வற்றும்வரை காயவைத்துப் பெறப்படும், நெடுநாள் கெடாத உணவுப்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது வத்தல் எனப்படும். காய்கள் மலிந்திருக்கும் காலத்தில் ஆக்கி வைத்து, அவை அரிதாகும் மழைக்காலத்தில் பயன்படுத்துவது தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் சேமிப்பு முறையாகும். இதற்கு வெயிலும் உப்பும் போதுமானவை. எரிபொருளோ மின்சாரமோ மிகுதியாகத் தேவையில்லை.

பெயர்

வற்றுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த வற்றல் என்ற தொழிற்பெயர், நீர் வற்றிய பொருளுக்கு ஆகிவந்துள்ளது. ஆகவே இது தொழிலாகுபெயராகும். காய்ந்த சிவப்பு மிளகாய் தமிழ்நாட்டில் மிளகாய் வற்றல் என்றும், இலங்கையில் செத்தல் மிளகாய் என்றும் அழைக்கப்படுகிறது. மாவையோ கூழையோ பிழிந்து காயவைப்பது வடகம் ஆகும். எனினும் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அதனையும் வற்றல் என்றே வழங்குவர்.

அடிப்படை

உணவு கெடுவதற்கு முதன்மையான காரணம் பாக்டீரியா, பூஞ்சை முதலிய நுண்ணுயிர்கள் ஆகும். இவை வளர்வதற்கு நீர் தேவை. உணவிலுள்ள நீரில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கக்கூடியது என்பதை நீர்ச் செயல்பாடு என்னும் அளவு காட்டுகிறது. தூய நீரின் நீர்ச் செயல்பாடு 1 ஆகும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.90க்குக் கீழே வளர்வதில்லை. பூஞ்சைகளில் பல அதற்கும் குறைந்த அளவில் வளரக்கூடியன. உணவில் இது 0.60க்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை எனக் கொள்ளப்படுகிறது.

வெயில் நீரை ஆவியாக்குகிறது. உப்பு, காயினுள் இருக்கும் நீரை வெளியே இழுப்பதோடு, எஞ்சிய நீரையும் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காதவாறு பிடித்துக்கொள்கிறது. புளித்த மோர் சேர்க்கப்படுமாயின் அதிலுள்ள லாக்டிக் அமிலமும் துணைசெய்கிறது. ஆயினும் காயவைத்தல் எல்லா நுண்ணுயிர்களையும் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. வற்றலில் மீண்டும் ஈரம் ஏறினால் அவை மீண்டும் வளரத் தொடங்கும்.

கொத்தவரங்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீராகும். 1 கிலோ காயில் 200 கிராம் மட்டுமே திடப்பொருள். 10 விழுக்காடு ஈரம் எஞ்சும்வரை காயவைத்தால் சுமார் 220 கிராம் வற்றல் கிடைக்கும். சேர்க்கும் உப்பின் எடை இதில் அடங்காது.

செய்முறை

தமிழ்நாட்டில் வற்றல் பெரும்பாலும் கோடையில் இடப்படுகிறது. முற்றிப்போகாத, அழுகலற்ற காய்களே இதற்கு ஏற்றவை.

கொத்தவரங்காய்: உப்பு நீரில் சிறிது நேரம் வேகவைத்து, நீரை வடித்துக் காயவைப்பர். கொதி நீர், காயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதியங்களைச் செயலிழக்கச் செய்கிறது.

சுண்டைக்காய்: காயை நசுக்கி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைப்பர். பகலில் காயவைத்து, இரவில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் உறிஞ்சப்பட்டபின் நன்றாகக் காயவிடுவர். இதனால் கசப்பும் குறைகிறது. மணத்தக்காளி வற்றலும் இவ்வாறே செய்யப்படும்.

மோர் மிளகாய்: பச்சை மிளகாயைக் கீறி அல்லது துளையிட்டு, சுண்டைக்காயைப் போலவே மோரில் ஊறவைத்துக் காயவைப்பர். துளையிடாவிடின் மிளகாயின் மெழுகுத் தோல் உப்பையும் மோரையும் எளிதில் உள்ளே விடாது.

மாங்காய்: துண்டுகளாக நறுக்கி, உப்பில் புரட்டிக் காயவைப்பர்.

பாகற்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், அதலைக்காய் முதலியவற்றிலும் வற்றல் செய்வதுண்டு. காய்களைப் பாயிலோ துணியிலோ ஒன்றன்மீது ஒன்று படாமல் பரப்புவர். மேலே மெல்லிய துணியால் மூடினால் ஈயும் தூசும் அணுகா. பனி படியுமுன் மாலையிலேயே வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். கொத்தவரங்காய் வற்றலை ஒடித்தால் வளையாமல் ஓசையுடன் முறிவது நன்கு காய்ந்ததற்கு அடையாளம்.

சேமித்தல்

வெயிலிலிருந்து எடுத்த வற்றலைச் சூடு ஆறியபின்னரே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி குளிர்ந்து நீராகிப் படியும். காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியும் பீங்கான் சாடியும் ஏற்ற கலங்கள். ஒரே பெரிய கலத்தைவிடப் பல சிறிய கலங்கள் நல்லவை; ஒன்றில் ஈரம் புகுந்தாலும் மற்றவை தப்பும். ஈரக் கையாலோ கரண்டியாலோ எடுத்தலாகாது. மழைக்காலத்துக்கு முன்னும், இடையில் வெயில் வரும் நாட்களிலும் கலத்தைத் திறந்து பார்ப்பது வழக்கம். பூஞ்சை பிடிக்காமல் சற்றே நமத்துப்போன வற்றலை மீண்டும் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

பூஞ்சை நஞ்சு

பூஞ்சை பிடித்த வற்றலைத் துடைத்து, வெயிலில் இட்டு, வறுத்து உண்ணும் பழக்கம் தீங்கானது. ஆசுபர்சில்லசு இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததைத் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில், பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்நஞ்சு கண்டறியப்பட்டது. இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. காய்ந்த மிளகாய் இந்நஞ்சு அடிக்கடி காணப்படும் பொருள்களுள் ஒன்று. வெயிலில் பூஞ்சை காய்ந்துபோனாலும் நஞ்சு எஞ்சியிருக்கும். வழக்கமான சமையல் வெப்பமும் அதை முழுமையாக அழிப்பதில்லை. பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் பரவியிருக்கக்கூடும். ஆகவே பூஞ்சை காணப்பட்ட கலத்திலுள்ள வற்றல் முழுவதையும் அகற்றிவிடுவதே சிக்கனத்தினும் மேலானது.

பயன்பாடும் ஊட்டமும்

வற்றலைக் குழம்பில் இடுவர். எண்ணெயில் வறுத்துத் தயிர்ச்சோற்றுடனும் கஞ்சியுடனும் உண்பர். வற்றலில் நார்ச்சத்தும் தாது உப்புகளும் பெரும்பாலும் எஞ்சுகின்றன. உயிர்ச்சத்து சி பெருமளவு அழிகிறது. ஆகவே வற்றல் பசுங்காய்க்கு முழுமையான மாற்றாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. உயர் குருதி அழுத்தம் உடையோர் உப்பு மிகுந்த வற்றலை அளவோடு உண்பது நன்று.

இவற்றையும் பார்க்க

வடகம்
ஊறுகாய்
கருவாடு