உறுதி முடிக்க யார் வேண்டும்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் எந்த ஒழுங்கையில் திரும்பினாலும், ‘சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்’ என்ற பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்து, சத்தியக் கடதாசிக்கு முத்திரை குத்துபவர் என்று எண்ணிவிடுவார்கள். இந்தியாவில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நோட்டரி பெரும்பாலும் அந்த வேலையைத்தான் செய்கிறார். காணி விற்பனைக்கு சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது.

இலங்கையில் கதை வேறு. சத்தியக் கடதாசிக்கு சமாதான நீதவானோ சத்தியப் பிரமாண ஆணையாளரோ போதும். ஆனால் காணியை விற்க, நன்கொடையாகக் கொடுக்க, ஈடு வைக்க நொத்தாரிசு இல்லாமல் முடியாது. அவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையெழுத்திடாத உறுதி சட்டத்தின் கண்ணில் செல்லாது என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியவருக்குக் காணி சேராது.

இந்தப் பொறுப்புக்கு வரும் பாதை இன்று பெரும்பாலும் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலிருக்கும் புதுக்கடை வழியாகத்தான் போகிறது. 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அதன் பரீட்சைகளில் தேறி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்தால் சட்டத்தரணி ஆகலாம். சட்டத்தரணிகளை அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டாக வகுத்த பழைய பிரிவு 1974இல் ஒழிந்தது. ஆனால் கறுப்பு அங்கி அணிந்த எல்லோருக்கும் உறுதி எழுதும் உரிமை வந்துவிடாது. உறுதி எழுதுவதற்கான பாடத்திலும் தேறி, நொத்தாரிசுக்குரிய வாரண்டைத் தனியாகப் பெற வேண்டும். எந்த நீதிமன்ற எல்லைக்குள், எந்த மொழியில் எழுதலாம் என்பதும் அதில் குறிக்கப்படும். தமிழில் உறுதி வேண்டுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

வாரண்ட் கைக்கு வந்த பிறகு 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விடாது. கையெழுத்திடுபவரை நொத்தாரிசுக்கோ சாட்சிகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் ‘கிழக்கு’ வெட்டப்பட்டு ‘மேற்கு’ எழுதப்பட்டிருந்தால், அதையும் பக்கம், வரியோடு அத்தாட்சியில் சொல்ல வேண்டும். எல்லை மாறினால் காணியே மாறிவிடுமே! உறுதியின் இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளவத்தை நொத்தாரிசுக்கு இன்னும் சில தலைவலிகள் உண்டு. தொடர்மாடி வீட்டின் பங்காளி ஒருவர் ரொறன்ரோவில், இன்னொருவர் லண்டனில் இருப்பார். அங்கிருந்து வரும் அற்றோர்னித் தத்துவத்தைத் துருவிப் பார்க்காமல் பேனாவைத் தொடக்கூடாது. விற்பவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மணமான பெண்ணென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை அவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி வரும். பொருந்தினால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. கொழும்பில் பிறந்து வளர்ந்து கைநிறையச் சம்பாதிக்கும் பெண்களுக்கு இது எரிச்சலூட்டுவதில் வியப்பில்லை.

ஒவ்வொரு உறுதியின் பிரதியொன்றும் நொத்தாரிசின் அலுமாரியிலேயே இருக்கும். அவர் இறந்தால் குடும்பத்தார் அவற்றைக் காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.