செங்கல் பிடித்த கைகள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் கீழிருந்து செங்கல்லை வீச, சாரத்தின் மேல் நிற்பவர் அதைப் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் கையை விறைப்பாக வைத்துக்கொள்வதில்லை. கல் தொட்டதும் கையும் அதனுடன் சற்றுப் பின்வாங்குகிறது. ஏன்?

இப்படிச் செங்கல் பிடித்துப் பழகிய ஒரு சிறுவன் பின்னாளில் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஆனார். அவர்தான் ஜெர்ரி ரைஸ். 1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். தந்தை கொத்தனார். அவருக்கு உதவியாக வேலை செய்யும்போது, சகோதரர்கள் வீசும் கற்களை ரைஸ் மேலே நின்று பிடிப்பார்.

அமெரிக்கக் கால்பந்து, நாம் ஆடும் கால்பந்து அன்று. அதில் இரு முனையும் கூரான பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியவும் செய்யலாம். எறியும் பந்தை ஓடியபடியே பிடிப்பவர் 'ரிசீவர்'. ரைஸ் ஒரு ரிசீவர்.

இப்போது ஒரு சிறு கணக்கு. பந்தின் நிறை ஏறத்தாழ 0.4 கிலோகிராம். அது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் உந்தம் 0.4 × 20 = 8 அலகுகள். விறைத்த கை அதை 0.005 வினாடியில் நிறுத்தினால், கையில் விழும் சராசரி விசை 8 ÷ 0.005 = 1600 நியூட்டன். பந்து தெறித்து ஓடிவிடும்! கை பின்வாங்கி, 0.04 வினாடியில் நிறுத்தினாலோ விசை 200 நியூட்டன்தான். நேரம் எட்டு மடங்கு கூடியதால் விசை எட்டில் ஒரு பங்காயிற்று. செங்கல்லின் இரகசியமும் இதுவே.

ஆனால் கை மட்டும் போதாது. 30 மீட்டர் தொலைவை அந்தப் பந்து கடக்க 1.5 வினாடி ஆகும். அதற்குள் வினாடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர் 12 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். ஆகவே பந்தை அவர் நிற்கும் இடத்துக்கு அல்ல, அவர் வரப்போகும் இடத்துக்கே எறிய வேண்டும். அவரும் குறித்த நொடியில் அங்கே வந்து சேர வேண்டும். ரைஸ் மிக வேகமான ஓட்டக்காரர் அல்லர்; அவருடைய பலம் இந்தத் துல்லியம்.

1985இல் சான் பிரான்சிஸ்கோ அணியில் சேர்ந்த முதல் ஆண்டில் அவரும் பல பந்துகளை நழுவவிட்டார், பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. செங்குத்தான மலைப் பாதையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓடிப் பயிற்சி செய்தார். 1987இல் 12 ஆட்டங்களில், எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து 6 புள்ளிகள் பெறும் 'டச்டவுன்' பிடிகள் 22 அவருக்குக் கிடைத்தன.

1997இல் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. சுமார் மூன்றரை மாதத்திலேயே அவர் களத்துக்குத் திரும்பினார். அதே ஆட்டத்தில் முழங்கால் சில்லு உடைந்தது! எவ்வளவு உறுதி இருந்தாலும், திசுக்கள் ஆறுவதற்குரிய காலத்தை உடலுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு மீண்டும் ஆடினார். 2004 வரை அவர் பிடித்த பந்துகள் 1,549. அவற்றால் முன்னேறிய தூரம் 22,895 கெஜம், அதாவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர்!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு பலூனில் நீர் நிரப்பி, நண்பரை வீசச் சொல்லுங்கள். முதலில் கையை விறைப்பாக வைத்துப் பிடியுங்கள். பிறகு கையைப் பின்வாங்கிப் பிடியுங்கள். எப்போது நனைந்தீர்கள்?