பட்டன் பட்டது, பணம் பறந்தது! 52 கோடி டாலர் கக்கிய வீடியோ கேம் கம்பெனி
"வா, ஓசியில் விளையாடு" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, அப்பா பாக்கெட்டில் கை வைத்த கதை இது.

அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் கம்பெனி 2017-ல் விட்ட வீடியோ கேம் "போர்ட்நைட்". விளையாடக் காசு கிடையாது. ஆனால் விளையாட்டில் வரும் வீரனுக்கு உடுப்பு மாட்ட, டான்ஸ் ஆட வைக்க காசு!

இதில் நடந்தது அநியாயம் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக கமிஷன் குற்றம் சாட்டியது.

பொருளைச் சும்மா பார்க்க நினைத்து ஒரு பட்டனை அழுத்தினாலே பணம் பிடித்தம். 2018 வரை, பெற்றோர் சம்மதம் இல்லாமலே பிள்ளைகள் அவர்கள் கார்டில் வாங்க முடிந்தது.

மளிகைக் கடையில் பருப்பைத் தொட்டுப் பார்த்தால் பில் போடுவார்களா?

கணக்குக்கு பூட்டு

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி பாங்கில் முறையிட்டவர்களின் விளையாட்டுக் கணக்கையே பூட்டிவிட்டார்கள். ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியதும் அம்போ!

10 லட்சத்துக்கு மேல் புகார் வந்தும், ஊழியர்களே எச்சரித்தும் கம்பெனி அசையவில்லை என்கிறது கமிஷன்.

2022 டிசம்பரில் சமரசம் ஆனது. ஏமாந்தவர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர். பெற்றோரைக் கேட்காமல் சிறுவர்களின் சொந்த விவரங்களைச் சேகரித்த வழக்கில் அபராதம் 27.5 கோடி டாலர்.

தொழிலின் பழைய நடைமுறை மாறிவிட்டது என்று கம்பெனி பதில் சொன்னது. 2024 டிசம்பரில் முதல் தவணையாக 7.2 கோடி டாலர் பட்டுவாடா ஆனது.

பிள்ளை கையில் போனைக் கொடுக்குமுன், உங்கள் கார்டு நம்பர் அதில் பதிவாகி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!