ஒட்டும் வெட்டும்: டிஜே இசையின் இரு வழிகள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் ஜாத்திரைகளிலும் விநாயக சவிதி ஊர்வலங்களிலும் நெடுங்காலமாகப் பம்பையும், பலகை எனப்படும் தப்பும் முழங்கிவந்தன. இன்று அவற்றுக்குப் பக்கத்திலேயே, பல இடங்களில் அவற்றுக்கு மாற்றாகவும், ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிய வண்டியில் டிஜே இசை ஒலிக்கிறது. டிஜே என்பது 'டிஸ்க் ஜாக்கி' என்பதன் சுருக்கம். வானொலியில் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு இடையிடையே பேசியவரைக் குறித்த இப்பெயர், பின்னர் நடன அரங்குகளில் ஒரு பாட்டோடு மற்றொரு பாட்டை ஆட்டம் நில்லாதபடி இணைப்பவருக்கு உரியதாயிற்று. பாடல்களைத் தேர்ந்தெடுப்பது இக்கலையின் பாதி என்றால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இணைப்பை எங்கே, எப்படி அமைப்பது என்பது மறுபாதி. அந்த இணைப்பை அமைக்கும் விதத்தைக் கொண்டே டிஜேக்களின் பாணிகளை ஒட்டுமுறை, வெட்டுமுறை என இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒட்டுமுறையின் தொடக்கம் 1960களின் இறுதியில் நியூயார்க்கில் உள்ளது. அந்நகரின் 'சாங்க்சுவரி' நடன அரங்கில் இசைத்தட்டுகளைக் கையாண்ட பிரான்சிஸ் கிராசோ, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் வேகத்தோடு அடுத்த பாட்டின் வேகத்தைப் பொருத்தி, இரண்டின் தாள அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி சேர்த்து ஒலிக்கவிட்டார். வெட்டுமுறையும் அதே நகரத்தில்தான் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியின் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில் நடந்த விருந்தில் இசைத்தட்டுகளை ஒலிக்கச்செய்த கூல் ஹெர்க், பாட்டின் குரலும் இசையும் ஓய்ந்து தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆட்டக்காரர்கள் காத்திருப்பதைக் கவனித்து, அந்தப் பகுதியையே திரும்பத் திரும்ப ஒலிக்கச்செய்யும் வழியைக் கைக்கொண்டார். அவருக்குப் பின்வந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை அருகருகே வைத்து, ஊசி விழவேண்டிய இடத்தை வண்ண மெழுகுக்கோலால் தட்டின்மீதே குறித்துக்கொண்டு, ஒன்று ஒலிக்கையில் மற்றதைப் பின்னோக்கிச் சுழற்றித் தயாராக்கி, அடி பிசகாமல் மாற்றி மாற்றி வெட்டும் நுட்பத்தைச் செம்மைப்படுத்தினார்.

இவ்விரு முறைகளும் வளர்வதற்கு ஒரே கருவி துணைநின்றது. 1972இல் ஜப்பானில் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்னும் சுழல்மேசையில், வார் பூட்டிச் சுழற்றும் பழைய ஏற்பாட்டுக்கு மாறாக, மோட்டாரின் அச்சே தட்டை நேரடியாகச் சுழற்றியதால், கையால் பிடித்து நிறுத்திய இசைத்தட்டு விட்ட நொடியிலேயே முழு வேகத்தை எட்டியது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் நகர்பிடி இடம்பெற்றது. 2001இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 குறுந்தட்டையும் இசைத்தட்டைப் போலவே கையால் கையாள வழிசெய்தது. இன்று பென் டிரைவும் மடிக்கணினியும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன என்றாலும், இரண்டு ஒலிமூலங்கள், நடுவில் ஒரு மிக்ஸர், காதில் ஹெட்போன் என்னும் அமைப்பு மாறவில்லை.

ஒட்டுமுறையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மின்னணு நடன இசையின் வேகம் ஒரு நிமிடத்தில் விழும் அடிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. கருநாடக இசையில் காலப்பிரமாணம் எனப்படுவதை எண்ணால் சொல்வதற்கு ஒப்பானது இது. ஹவுஸ் என்னும் வகை பெரும்பாலும் 120 முதல் 130 அடிகளுக்குள் அமையும். ஒரு பாட்டு 124 அடியிலும் மற்றது 125 அடியிலும் ஓடினால், கேட்பவருக்கு இரண்டும் ஒரே வேகமாகத்தான் தோன்றும். ஆனால் அவற்றை ஒன்றாக ஒலிக்கவிட்டால், அரை நிமிடத்திற்குள் ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நடுவில் விழத் தொடங்கி, குதிரைக் குளம்போசை போல இரட்டிக்கும். ஆகவே டிஜே அடுத்த பாட்டை ஹெட்போனில் தான் மட்டும் கேட்டு, நகர்பிடியால் வேகத்தைச் சமன்செய்து, சமத்தில், அதாவது தாளவட்டத்தின் முதல் அடியில், அதைத் தொடங்கிவைக்கிறார். பின்பு முதல் பாட்டின் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தபடியே இரண்டாம் பாட்டின் தாழ்ந்த ஒலிகளை ஏற்றுகிறார். இரண்டும் ஒருசேர முழங்கினால் ஒலி குழம்பிப்போகும் என்பதால், கனத்த அடி எப்போதும் ஒரே பாட்டினுடையதாக இருக்கவேண்டும். 128 அடி வேகத்தில், நான்கு அடி கொண்ட 32 கட்டுகளுக்கு, ஆதி தாளக் கணக்கில் 16 ஆவர்த்தனங்களுக்கு, இந்தக் கைமாற்றம் நீண்டால் சரியாக ஒரு நிமிடம் ஆகிறது. வேகத்தை மாற்றும்போது சுருதியும் நகர்வது இங்குள்ள மற்றொரு சிக்கல்: 6 விழுக்காடு விரைவுபடுத்தினால் பாட்டின் சுருதி ஏறத்தாழ வீணையின் ஒரு மெட்டளவு உயர்ந்துவிடுகிறது; ஆனால் வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் காக்கும் வசதி இன்றைய கருவிகளில் இருக்கிறது.

இரு பாணிகளின் முதிர்ந்த வடிவங்களை 1996இல் வெளிவந்த இரண்டு தொகுப்புகளில் கேட்கலாம். பிரிட்டனின் சாஷாவும் ஜான் டிக்வீடும் இணைந்து அளித்த 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' ஒரு ராகமாலிகை போல, எந்த இடத்தில் ஒரு பாட்டு விலகி மற்றது நுழைந்தது என்று சுட்டமுடியாதபடி நெடிய இணைப்புகளால் ஆனது. டெட்ராய்ட் நகரத்தவரான ஜெஃப் மில்ஸ், டோக்கியோவின் லிக்விட் ரூம் அரங்கில் வாசித்துப் பதிவான தொகுப்போ பாட்டுகளை விரைந்து மாற்றி, இணைப்பின் அதிர்ச்சியையே சுவையாக்குவது. முன்னது மறைப்பதில் தேர்ச்சி. பின்னது காட்டுவதில் தேர்ச்சி.

திருப்பதியிலோ சித்தூரிலோ ஊர்வல வண்டியில் நிற்கும் டிஜே இவற்றுள் ஒட்டுமுறையை முழுமையாகக் கையாள்வது அரிது. அதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. நடன அரங்குக்காக உருவாகும் பாட்டுகளில், ஒட்டுவதற்கு வாகாகவே, தொடக்கத்திலும் முடிவிலும் குரலற்ற தாளப்பகுதிகள் நீளமாக விடப்பட்டிருக்கும். தெலுங்கு, தமிழ்த் திரைப்பாடல்களில் குரல் விரைவிலேயே வந்துவிடுவதால், இரண்டை ஒட்டினால் இரு பாடகர்கள் ஒரே நேரத்தில் பாடுவதாக முடியும். இதைவிட ஆழமான தடை நடையில் உள்ளது. ஹவுஸ் போன்ற இசையில் ஒவ்வொரு அடியும் நான்காகப் பகுபடுவதால் அது சதுஸ்ர நடை. குத்துப்பாட்டில் பெரும்பாலும் அடி மூன்றாகப் பகுபடுவதால் அது திஸ்ர நடை. இரண்டின் வேகத்தையும் துல்லியமாகப் பொருத்தினாலும் அடியின் தொடக்கம் மட்டுமே ஒன்றுபடும். நடுவிலுள்ள சிறு தட்டுகள், ஒன்றில் கால்களிலும் மற்றதில் மூன்றில் ஒரு பங்குகளிலும் விழுந்து, ஒன்றையொன்று இடறும்.

இந்த இடறலைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. முதல் பாட்டைச் சமத்தில் சட்டென நிறுத்தி, அதே சமத்தில் குத்துப்பாட்டை எடுப்பது ஒன்று. இதுவே தூய வெட்டு. மற்றதில், பாட்டின் ஏனைய ஒலிகளையெல்லாம் விலக்கி, கனத்த அடியை மட்டும் சில கட்டுகளுக்கு ஒலிக்கவிட்டு, அதன்மேல் புதிய நடையை ஏற்றவேண்டும். உட்பகுப்பு ஏதுமற்ற வெறும் அடிக்கு நடை கிடையாது என்பதால், அது இரு கரைகளுக்கும் பொதுவான பாலமாகிறது. தவில் வித்துவான் தனி ஆவர்த்தனத்தில் தாளத்தை மாற்றாமல் நடையை மட்டும் திஸ்ரத்துக்குத் திருப்புகையில் கையாளும் அதே கணக்குதான் இது. அவர் விரலில் செய்வதை டிஜே மிக்ஸரில் செய்கிறார்.

பாணியைத் தீர்மானிப்பதில் இடத்துக்கும் பங்குண்டு. அரங்கில் ஆடுபவர் மணிக்கணக்கில் ஓரிடத்திலேயே இருப்பதால், ஒரு நிமிட இணைப்பு அவரை மெல்ல இழுத்துச் செல்கிறது. ஊர்வலத்திலோ வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. தெருவோரத்தில் நிற்பவருக்கு இசை சில நிமிடங்களே கிடைக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்குள் அவரை அசைக்கவேண்டுமென்றால் பாட்டின் உச்சப்பகுதியைப் பொறுக்கியெடுத்து வெட்டிக்கொடுப்பதே வழி. மே மாதத்தில் நடைபெறும் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் நாளுக்கொரு வேடம் பூண்டு வருவதும், அவர்களுக்குப் பம்பையும் தப்பும் சட்டெனச் சூடேறி ஒலிப்பதும் இதே தெருவின் இலக்கணத்தைச் சேர்ந்தவை. அந்த ஜாத்திரையை 2024இல் 'புஷ்பா 2' திரைப்படம் தேவி ஸ்ரீ பிரசாத்தின் இசையோடு திரைக்குக் கொண்டுசென்றபோதும் முதன்மை பெற்றது தோற்கருவிகளின் முழக்கமே.

ஒலியின் அளவு மட்டும் இவ்விரு பாணிகளில் எதற்கும் இலக்கணமன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இணைப்பில் நேர்ந்த பிழை மறைந்துவிடுவதில்லை; அது இன்னும் உரக்கக் கேட்கிறது, அவ்வளவே. ஒட்டினாலும் வெட்டினாலும் டிஜேயின் தேர்ச்சி, சமம் தவறாத அந்த ஓர் அடியில்தான் இருக்கிறது.