அண்டை வீட்டின் அடுப்பும் திருச்சபையும்

‘வீடு வாடகைக்கு விடப்படும், சைவ உணவினருக்கு மட்டும்’ என்னும் அறிவிப்பு நம் நகரங்களுக்குப் புதிதன்று. அதன் பின்னே பெரும்பாலும் சாதி மறைந்து நிற்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயின், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து கல்விக்கும் பிழைப்புக்குமாகப் பெருநகரங்களுக்கு வருவோர், அவர்களுள் பலர் நம் உடன்விசுவாசிகள், சந்திக்கும் இடர் இன்னொரு வகையினது. அவர்கள் சமைப்பதன் மணமே அவர்கள்மேல் சாட்டப்படும் குற்றமாகிறது.

நாகாலாந்தின் சுமி நாகர் ‘அக்குனி’ என்றோர் உணவுப்பொருளைச் செய்கின்றனர். சோயா மொச்சையை வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்படியின் வெதுவெதுப்பில் சில நாள் வைத்துப் புளிக்கச் செய்து இடித்துக்கொள்வர். பன்றி இறைச்சியோடு சேர்த்துச் சமைப்பதுண்டு, துவையலாகவும் உண்பதுண்டு. நுண்ணுயிர்கள் சோயாவின் புரதத்தைச் சிதைக்கையில் அம்மோனியா வெளிப்படுதலால் கடுமணம் எழுகிறது. ஜப்பானியரின் ‘நாட்டோ’வும் இவ்வகையினதே. நம் இட்லி மாவும் புளிப்பதுதான். நம் கருவாட்டுக் குழம்பும் தெருமுனை வரை தன்னை அறிவிப்பதுதான்.

2007ஆம் ஆண்டில் தில்லி காவல்துறை, வடகிழக்கு மாணவர்களின் பாதுகாப்பிற்கென ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி முதலியவற்றை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதவாறு சமைத்துக்கொள்ள வேண்டுமென அது அறிவுரை கூறிற்று. பெண்களின் உடையைப் பற்றியும் எச்சரித்தது. அதைத் தயாரித்த அதிகாரி தாமே வடகிழக்கைச் சார்ந்தவர். நன்னோக்குடனேயே செய்தார் எனக் கொள்ளலாம். ஆயினும், தொல்லை கொடுப்போரை விட்டுவிட்டுத் தொல்லைக்குள்ளாவோரைத் திருத்த முற்பட்டது அக்கையேடு. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா, தில்லி லாஜ்பத் நகரில், தம் தோற்றத்தைக் கேலி செய்தவர்களோடு எழுந்த தகராறில் தாக்கப்பட்டு இறந்தார். அதன்பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, அவ்வாண்டிலேயே அறிக்கை அளித்துச் சட்டத்திருத்தங்களைப் பரிந்துரைத்தது. முகத்தின்மேல் உள்ள வெறுப்பும் உணவின்மேல் உள்ள வெறுப்பும் ஒரே வேரினின்று கிளைப்பவை.

சிங்கப்பூரில் இக்கதை வேறொரு திருப்பம் கொண்டது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய குடும்பமொன்று அண்டையிலிருந்த இந்தியக் குடும்பத்தின் குழம்பு மணத்தைக் குறித்து முறையிட, அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டுமே குழம்பு வைப்பதென்று சமரச மையத்தில் உடன்பாடாயிற்று. சில ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்டில் இச்செய்தி பரவியபோது, பல இனத்தவரும் அம்மாதம் 21ஆம் நாளைக் குறித்துக்கொண்டு குழம்பு வைத்துப் பகிர்ந்துண்டனர். இங்கே முறையிட்டவரே குடியேறியவர் என்பது கவனிக்கத்தக்கது.

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தாருக்குச் சின்ன வெங்காயம் பயிரும் பிழைப்பும் ஆகும். அவ்வெங்காயத்தையும் பூண்டையும் சமையலறைக்குள் அனுமதியாத குடும்பங்கள் இந்நாட்டில் பல உள. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் நினைத்து ஏங்கிய பொருட்களில் வெங்காயமும் பூண்டும் இடம்பெறுகின்றன (எண்ணாகமம் 11:5). நம் பிரசங்கிகள் இதனை முறுமுறுப்பு என்று மட்டுமே கண்டிப்பர். முறுமுறுப்பு உண்மையே, ஆனால் ஊர்விட்டு வந்தோரின் நாவில் தங்கிய நினைவு எத்துணை ஆழமானது என்பதற்கும் அவ்வசனம் சான்று. யோசேப்பின் வீட்டிலேயே எகிப்தியர் எபிரெயரோடு பந்தியமர அருவருத்தனர் (ஆதியாகமம் 43:32).

அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன் விலகிக்கொண்டார். பவுல் அதனை மரியாதைக் குறைவாகக் கருதவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மாறாக நடத்தலாகவே கண்டு முகத்துக்குமுன் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11–14). ரோமர் 14ஐ எடுத்துக்காட்டி, சகோதரனுக்கு இடறலாகும் உணவை அக்குனி சமைப்பவரே விட்டுவிடலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். அவ்வதிகாரமும் அதனையடுத்த அதிகாரமும் பலமுள்ளவர்கள் பலவீனரைத் தாங்கவேண்டுமென்கின்றன. வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவரா, மாத இறுதியில் வெளியேற்றப்படுவோமோ என அஞ்சுபவரா, யார் இங்கே பலமுள்ளவர்?

நம் சபை வரலாறும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியரை அன்பின் விருந்தில் ஒருங்கே அமர்ந்து உண்ணும்படி கேட்டுச் சாதிப்பற்றைச் சோதித்தது. மறுத்தோர் பலர் வேலையிழந்தனர். அக்கட்டாயத்தை நாம் புகழவில்லை. ஆயினும் பந்தியே விசுவாசம் சோதிக்கப்படும் இடமென்பதை அம்மிஷனெரிமார் உணர்ந்திருந்தனர்.

சென்னையிலும் கோவையிலும் உள்ள நம் சபைகளில் வீட்டுச் சொந்தக்காரர் உளர். அதே சபைகளின் பின்வரிசையில் வடகிழக்கு இளைஞரும் செவிலியரும் உளர். வாடகை ஒப்பந்தத்தில் சமையலைக் குறித்து எழுதப்படும் நிபந்தனைகளை ஆயர்கள் சபை மன்றத்தில் வெளிப்படையாகப் பேசலாம். சபைகளில் அசனத்திற்குச் சோறும் குழம்பும் ஆக்கும் அதே கொட்டகையில், அவர்களும் தங்கள் பானையை ஏற்றும்படி ஓர் அடுப்பு ஒதுக்கலாம். கொட்டகைக்குப் புறத்தே அன்று, நடுவில்.