மடிநோய்க்கு ஏற்ற மருந்தைக் கண்டறிதல்

கறவை மாட்டின் மடி வீங்கிப் பால் திரிந்து வருமாயின் மடிநோய் எனக் குடியானவர் உடனே அறிந்துகொள்கின்றனர். இரண்டு மூன்று ஊசி போட்டும் வீக்கம் தணியாதபோது, மருந்து போலியானது என்று நொந்துகொள்வோரையும் நாம் கண்டிருக்கிறோம். மருந்து நல்லதாகவே இருக்கலாம். அதற்குப் பணியாத கிருமி மடியில் குடிகொண்டிருக்கவும் கூடும். இதனை ஆய்வுக்கூடத்தில் கண்டறிய வழியுண்டு.

நோயுற்ற காம்பின் பாலில் ஒரு துளியை, கிருமிகளுக்கு உணவாகும் கூழ் உறைந்த தட்டில் இழுத்து வைக்கின்றனர். கிருமிகள் சிறு புள்ளிகளாக வளர்கின்றன. அவற்றுள் நோய்க்குக் காரணமானதைப் பிரித்து, உப்பு நீரில் குறித்த அளவு கலங்கும்படி கரைத்து, வேறொரு தட்டில் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் இடைவெளியின்றித் தடவுகின்றனர். அதன்மேல், வெவ்வேறு மருந்துகள் அளவாக ஊட்டப்பெற்ற சிறு காகித வில்லைகளை வைத்து, ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுகின்றனர்.

மறுநாள் தட்டு முழுதும் கிருமி பயிர்போல் படர்ந்திருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் வட்டமாக வெற்றிடம் தெரியும்; மருந்து கசிந்து கிருமியைத் தடுத்த இடம் அது. வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருப்பின் அம்மருந்தால் பயனில்லை. பெரிய வட்டமே சிறந்த மருந்தைக் காட்டும் என எண்ணிவிடலாகாது. கூழில் கசிந்து பரவும் தன்மை மருந்துக்கு மருந்து வேறுபடும். ஆதலின் வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அந்தந்த மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவு கூறுவர். இம்முறையை 1966-இல் அமெரிக்காவில் பௌவர், கிர்பி முதலியோர் ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர்.

பென்சிலினைச் சிதைக்கும் பொருளைச் சில கிருமிகள் தாமே உண்டாக்குகின்றன என்பது 1940-லேயே தெரிந்த செய்தி. குறைந்த அளவு மருந்து கிருமிகளைப் பணியாதவையாக்கும் என்று, பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையில் எச்சரித்தார். மாட்டுக்கும் மனிதருக்கும் பயன்படும் மருந்துகள் பல ஒன்றே. மனிதருக்குக் கடைசிப் புகலாக உள்ள கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை 2019-இல் இந்திய அரசு தடை செய்தது இக்காரணம் பற்றியே.

சோதனைப்பால் ஊசி போடுவதற்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும்; இதுவே பலர் தவறவிடும் இடம். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நுனியைத் தேய்த்து, முதற் சில பீச்சுகளைத் தள்ளிவிட்டு, கிருமி நீக்கிய சீசாவில் பிடித்தல் வேண்டும். சாணம் பட்ட கையால் பிடித்த பால், தொழுவத்துக் கிருமியையே காட்டும். சீசாவைப் பனிக்கட்டியில் வைத்து, காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரிடம் சேர்க்கவேண்டும்.

முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மாடு வருந்தலாமா என்று கேட்பது நியாயமே. கடுமையான நோயாயின் மருத்துவர் உடனே மருந்தைத் தொடங்குவார். முடிவு வந்தபின் தேவையானால் மாற்றுவார். நாட்பட்டு மடி கல்லாகிவிட்டால், தட்டில் வேலை செய்த மருந்தும் மடிக்குள் எட்டாமற் போவதுண்டு. ஆகவே வீக்கம் கண்ட அன்றே செல்வது நன்று. மருந்து செலுத்திய மாட்டின் பாலை, மருத்துவர் குறிக்கும் நாள் வரை சங்கத்திற்கு ஊற்றலாகாது, கன்றுக்கும் ஊட்டலாகாது.